மாடலை அப்புறம் பார்க்கலாம், பிள்ளையின் அளவு நோட்டை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றைத் தாங்களே எடுத்து, தீர்வு தேடி, கண்காட்சியில் விளக்கிக் காட்டும் செயல்திட்டங்களைப் பற்றி இந்தக் கடிதம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறவர்களும், கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். மேசைமேல் இருக்கும் மாடலின் பளபளப்புக்கு மார்க் போடுவதை விட்டுவிட்டு, பிள்ளை தானே அளந்து, தன் கையால் எழுதிய அளவு நோட்டுக்கு மார்க் போடுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு மேசையைக் காட்டினால் போதும். எங்கள் பக்கத்தில் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் தண்ணீர் வடிகட்டி ஒன்று இருக்கும். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, பஞ்சு, கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கியிருப்பார்கள். கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே தெளிந்து இறங்கும். அதுவரை சரி. அடுத்த வரியில் பிள்ளை, "இது ஃப்ளோரைடையும் நீக்கும்" என்று சொல்லும். கூட்டமும் கைதட்டும். தருமபுரியில் ஃப்ளோரைடு என்றாலே கைதட்டத் தோன்றும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, அதனால் பல் கறைபட்ட தலைமுறைகளைப் பார்த்த மாவட்டம் இது.

ஆனால் அந்த வரி தவறு. ஃப்ளோரைடு தண்ணீரில் உப்புப்போலக் கரைந்திருப்பது. மணலும் கல்லும் மிதக்கும் தூசியைத்தான் தடுக்கும். அடுப்புக்கரியாலும் சொல்லும்படி எதுவும் குறையாது. கொதிக்கவைத்தால் நிலைமை இன்னும் மோசம். நீர் ஆவியாகிப் போகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கும், மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும். ஃப்ளோரைடைக் குறைப்பவை வேறு: ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் அலுமினாத் துகள், படிகாரமும் சுண்ணாம்பும் கணக்காகச் சேர்க்கும் நல்கொண்டா முறை, சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்த எண்ணே தெரியாமல் ஒரு பிள்ளை ஃப்ளோரைடு பற்றிப் பேசிப் பரிசு வாங்கிப் போனால், வீட்டில் அதே பாட்டிலை வைத்து போர்வெல் தண்ணீரை வடித்துக் குடிப்பார்கள். எங்களுக்கு அதுதான் பயம்.

அந்த மேசையிலேயே டி.டி.எஸ். பேனா ஒன்றும் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வடிகட்டுவதற்கு முன் 842 காட்டுகிறது, பின்பு 815 என்று வைத்துக்கொள்வோம். "ஃப்ளோரைடு குறைந்துவிட்டது" என்பார்கள். அந்தப் பேனா அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதிலிருந்து கரைந்த உப்புகள் மொத்தத்தையும் உத்தேசமாகச் சொல்லும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு எண்ணூறு மில்லிகிராம் உப்பில் ஃப்ளோரைடு ஒன்றரை மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் அதன் திரையில் தெரியப்போவதில்லை. இன்னொன்றும் நடக்கும். கரியைக் கழுவாமல் போட்டால் சாம்பலில் இருக்கும் உப்புகள் கரைந்து, முதல் தடவை அளவு ஏறிவிடும். பிள்ளை மிரண்டுபோய் அந்த எண்ணை அழித்துவிடும். அந்தச் செயல்திட்டத்திலேயே உருப்படியான கண்டுபிடிப்பு அதுதான்! அதை அழிக்க வைத்தது நம் மார்க் முறை. ஏறிய எண்ணை நோட்டில் வைத்திருந்து, கரியை நாலு தண்ணீரில் கழுவி மறுபடி அளந்து, "முதலில் சாம்பல் கலந்தது, அதனால் கூடியது" என்று சொல்லும் பிள்ளைக்கு முதல் பரிசு கொடுக்க வேண்டும்.

ஃப்ளோரைடைப் பிள்ளைகள் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம், கேள்வியை மாற்றினால் போதும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. அப்படியானால் ஒரு 7-ஆம் வகுப்புப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் தெருவில் குடிக்க எந்தத் தண்ணீர், களி கிண்டவும் சோறு வடிக்கவும் எந்தத் தண்ணீர்?" என்பது. முப்பது வீடுகளில் கேட்டு எழுதலாம். ஊரில் எத்தனை போர், கைப்பம்பு, தெருக்குழாய் என்று படம் வரையலாம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, ஊராட்சியில் இருக்கும் களச் சோதனைப் பெட்டியால் பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு மாதிரிக்கு பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. முதலில் அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கைப்பம்பென்றால் சில நிமிடம் அடித்துக் கொட்டிய பிறகே பிடிக்க வேண்டும். எடுத்த இடம், தேதி, மணி எல்லாம் பாட்டிலின்மேல் இருக்க வேண்டும், மூடியின்மேல் அல்ல, மூடிகள் மாறிப்போகும். சோதனைப் பெட்டியின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதால் இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல் எழுத வேண்டும். பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று பார்ப்பது நல்லது. மஞ்சள் பல்பின் கீழே வேண்டாம். இருவர் எண்ணும் ஒத்துவராவிட்டால் இரண்டையுமே எழுதுங்கள். சந்தேகம் வந்த மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு வேண்டுகோள்: கூடப் படிக்கும் பிள்ளைகளின் பல்லைப் படம் பிடித்துச் சார்ட்டில் ஒட்டாதீர்கள். அந்தப் பிள்ளை அந்த மேசையைத் தாண்டிப் போகும்போது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் சிறியதாக இருந்தால்தான் பிள்ளையால் முழுசாகப் பிடிக்க முடியும். "தண்ணீர்ப் பஞ்சத்தைப் போக்குவது எப்படி" என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பெரியவர்களாலேயே முடிக்க முடியாது. பிள்ளை தெர்மாகோலில் அணை கட்டித்தான் தப்பிக்கும். "நம் பள்ளிக் கை கழுவும் இடத்தில் சொட்டும் குழாய்கள் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வீணாக்குகின்றன" என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே பதில் சொல்லும். இதற்குத் தேவை மருந்துக்கடையில் வாங்கும் 10 மில்லி சிரிஞ்சு (ஊசி இல்லாமல்), ஒரு டம்ளர், விநாடி முள் உள்ள கடிகாரம்.

முதலில் நூறு சொட்டை எண்ணி டம்ளரில் பிடித்து, சிரிஞ்சால் உறிஞ்சி அளக்க வேண்டும். ஒரு சொட்டு எத்தனை மில்லி என்று எங்கேயோ படித்த எண்ணை எடுத்துப் போடக் கூடாது. குழாய் வாயைப் பொறுத்துச் சொட்டின் பருமன் மாறும். நூறு சொட்டு 20 மில்லி வந்தால் ஒரு சொட்டு 0.2 மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 17 லிட்டருக்கு மேல். குடத்துக்கு மேல் போய்விட்டது. இதைப் பிள்ளை தானே பெருக்கிக் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை எந்தச் சுழலும் காற்றாலை மாடலும் கொண்டுவராது.

இதிலும் தவறு வரும் இடங்கள் உண்டு. காலையில் மேல்தொட்டி நிரம்பியிருக்கும்போது அளந்த வேகமும், சாயங்காலம் தொட்டி பாதியானபின் அளந்த வேகமும் ஒன்றாக இருக்காது; அழுத்தம் குறைந்தால் சொட்டும் குறையும். ஆகவே ஒரே மணிக்கு, மூன்று நாள், தொட்டியில் எத்தனை பங்கு தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதன்பிறகுதான் வாஷர் மாற்றுவது. அரை இஞ்ச் குழாய்க்கு ரப்பர் வாஷர் சில ரூபாய்தான். மாற்றியும் சொட்டினால் பிள்ளை சோர்ந்துபோகும். காரணம் பெரும்பாலும் உள்ளே வாஷர் உட்காரும் விளிம்பில் படிந்த உப்புக்கறை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தன்மை அப்படி. எமரித் தாளை மடித்து விளிம்பைத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டால் பிடித்துக்கொள்ளும். சொட்டு நிற்கட்டும் என்று பலம் கொண்டமட்டும் திருகினால் புது ரப்பரும் வெட்டுப்பட்டுப்போகும். உள்ளே உருண்டை சுழன்று, கால் திருப்பில் திறக்கும் 'பால் வால்வு' (ball valve) குழாய்க்கு இந்த வாஷரே கிடையாது. எல்லாம் நோட்டில் வர வேண்டும்: "2-ஆம் குழாய், வாஷர் மாற்றினோம், நிற்கவில்லை, கழற்றிப் பார்த்தோம், வெள்ளைக் கறை." இந்த ஒரு வரிக்கு நாங்கள் பத்து மார்க் போடுவோம்.

இன்னொரு எடுத்துக்காட்டு தக்காளி. பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளில் விலை விழுந்தால் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். பானைக்குள் பானை வைத்து இடையில் ஈரமணல் நிரப்பும் குளிர்பானையை இங்கே பல பள்ளிகள் செய்யலாம். வெளிப்பானை, உள்பானை இரண்டும் வண்ணம் பூசாத, மெருகிடாத மண்பானைகளாக இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்து அழகாக்கினால் நீர் கசிந்து ஆவியாக வழியில்லாமல் போகும். கண்காட்சிக்காகச் சித்திரம் வரைந்தே பல பானைகளைக் கெடுத்திருக்கிறார்கள். இடைவெளி சுற்றிலும் இரண்டு அங்குலம். சலித்த மணல். காலையிலும் மாலையிலும் தண்ணீர், ஊற்றிய அளவை எழுதிவைத்து. மேலே ஈரச் சாக்கு. காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் வைத்தால் ஈரக்காற்று அங்கேயே தேங்கி, ஆவியாவது நின்றுவிடும்.

இதைச் செய்துவிட்டு, "குளிர்கிறது" என்று கையை விட்டுக் காட்டுவது செயல்திட்டம் ஆகாது. பானையில் இரண்டு கிலோ, பக்கத்தில் அதே நிழலில் ஒரு மூங்கில் கூடையில் இரண்டு கிலோ என்று வைக்க வேண்டும். பிள்ளைகள் தங்களை அறியாமலே நல்ல காயைப் பானைக்குள் போட்டுவிடுவார்கள். தங்கள் பானை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான். எனவே நாலு கிலோவையும் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று பிரிக்க வேண்டும். தினமும் ஒரே மணிக்கு எடை, அழுகியவற்றின் எண்ணிக்கை, பானைக்குள் வெப்பநிலை, வெளியே வெப்பநிலை. சமையல் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு லிட்டர் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம்; பாட்டிலின் எடையைக் கழித்தால் ஒரு கிலோ காட்ட வேண்டும். பேட்டரி இறங்கினால் எண் தடுமாறும்.

ஆடியில் காற்றடிக்கும் வறண்ட நாளில் நன்றாகக் குளிரும் பானை, மழைநாளில் ஏமாற்றிவிடும். ஏன் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பள்ளியில் இருக்கும் இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிவிட்டுப் பாருங்கள். அந்த ஈர வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தக் குளிர்பானையும் இறங்காது. வறண்ட நாளில் இரண்டு வெப்பமானிக்கும் இடைவெளி அதிகம், மழைநாளில் கொஞ்சம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் நாங்கள் அறிந்தவரை இல்லை. உள்ளே ஈரம் தேங்கித் தக்காளியில் பூஞ்சை பிடித்தால் அதுவும் முடிவுதான். "பானையில் எடை குறையவில்லை, ஆனால் ஆறாம் நாள் பூஞ்சை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அது அளந்து பார்த்து எழுதியதென்று தெரிந்துவிடும்.

மின்னணுப் பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து யானை எச்சரிக்கைக் கருவி அடிக்கடி வருகிறது. நியாயமான கவலை, ராகி வயலில் இரவுக்காவல் இருக்கும் அப்பாவின் பிள்ளை அது. ஆனால் உடல் வெப்பத்தை வைத்து அசைவை உணரும், கடையில் வாங்கும் பி.ஐ.ஆர். சென்சார் சுமார் 7 மீட்டர் வரைதான் பார்க்கும், எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் 4 மீட்டர். யானை 7 மீட்டரில் வந்தபிறகு மணி அடித்து என்ன பயன்? அதுவும் நாய்க்கும் மாட்டுக்கும் சேர்த்தே அடிக்கும். இதை இயக்கும் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதிக் கொடுத்தது அண்ணனா, டவுனில் பணம் வாங்கிச் செய்து கொடுத்தவரா என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிகிறது. குறை பிள்ளைமேல் இல்லை. அதே பிள்ளை, "எங்கள் வயல் பக்கம் ஒரு மாதத்தில் எந்தெந்த இரவு, எந்த மணிக்கு, எந்த வழியாக வந்தது" என்று பெரியவர்களிடம் கேட்டு வரைபடம் போட்டிருந்தால், ஊருக்கே உதவியிருக்கும். மின்னணு வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பேட்டரி செல்லில் ஓடட்டும், வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம், ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டச் சொன்னால் பிள்ளை மாட்ட வேண்டும். அவ்வளவு போதும்.

இனி விளக்கிக் காட்டும் நாளுக்கு வருவோம். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் தலைப்பு..." என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையைக் குறுக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திகைத்து நின்று, மறுபடி "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த மூன்று பக்கத்தை எழுதிக் கொடுத்தது நாம்தான். ஒப்பிப்பதைத் தடை செய்து, மூன்று நிமிடம் பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும், ஐந்து நிமிடம் நடுவர் கேட்கட்டும். "ஊட்ல தண்ணி புடிக்கறப்ப பாத்தேன் சார்" என்று ஆரம்பித்தால் திருத்த வேண்டாம். அந்தப் பேச்சில்தான் உண்மை இருக்கும். நடுவர் முதலில் கேட்க வேண்டியது, "முதலில் எது சரியாக வரவில்லை?" அடுத்து, "இந்த எண்ணை எப்படி அளந்தாய், செய்து காட்டு." மூன்றாவது, "இன்னும் ஒரு வாரம் கொடுத்தால் எதை மாற்றுவாய்?" மாடலை யார் செய்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் அளந்த பிள்ளையிடம் மட்டுமே இருக்கும்.

குழுவில் இரண்டு பேர் போதும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும் இரண்டு பேர்தான் சேர்ந்து செய்கிறார்கள், அங்கே நாட்குறிப்பும் கேட்கிறார்கள். பள்ளி, வட்டாரக் கண்காட்சிகளுக்கும் அதையே பின்பற்றலாமே. ஐந்து பேரைச் சேர்த்தால் இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் மேசை தூக்குவார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும், பையன்களுக்கு ஒயரும் ஸ்பேனரும் என்று பிரித்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாஷரைக் கழற்றும் வேலை இருவருக்கும் மாறி மாறி வர வேண்டும். நோட்டில் "செய்தது யார்" என்று ஒரு கட்டம் இருந்தால் இது தானாகவே தெரியும். துளை போடுவதும் பிளேடால் வெட்டுவதும் பெரியவர் செய்தால் அதையும் அந்தக் கட்டத்தில் எழுதலாம், தவறில்லை. மறைப்பதுதான் தவறு.

காலம் ஆறு வாரமாவது வேண்டும். வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை, புதன்கிழமை கண்காட்சி என்றால் கடையில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஜூலை நடுவில் அறிவித்து ஆகஸ்ட் கடைசியில் நடத்தினால் காலாண்டுத் தேர்வுக்கும் இடைஞ்சல் இல்லை. முதல் வாரம் ஊரைச் சுற்றிப் பத்துச் சிக்கல் எழுதி, அளக்க முடியாதவற்றை அடிப்பது. இரண்டாம் வாரம் எதையும் மாற்றாமல் இருப்பதை அப்படியே அளப்பது. எல்லோரும் தவறவிடுவது இந்த வாரத்தைத்தான்; "முன்பு எவ்வளவு" என்று தெரியாமல் "பின்பு குறைந்தது" என்று எப்படிச் சொல்வது? அடுத்த மூன்று வாரம் செய்வது, கெடுவது, மறுபடி செய்வது. கடைசி வாரம் பேசிப் பழகுவது. செலவுக்கு முந்நூறு ரூபாய் உச்சவரம்பு வைத்து, ரசீதை நோட்டில் ஒட்டச் சொன்னால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கும் தரை சமமாகும்.

அரசுப் பள்ளிகளின் இந்த வகுப்புகளுக்காகவே 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்னும் தமிழக அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் செய்து காட்டும் சோதனைகளால் ஆர்வம் பிறக்கிறது. அந்த ஆர்வத்தை அப்படியே பிள்ளையின் சொந்தக் கேள்விக்குத் திருப்பிவிடுவது வகுப்பாசிரியர் வேலை. பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் விருதுக்கும் 6-ஆம் வகுப்பிலிருந்தே எழுதி அனுப்பலாம். தேர்வானால் பத்தாயிரம் ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று இருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். கடைசி நாளில் இணையத்தில் பார்த்த யோசனையை எழுதி அனுப்புவதைவிட, குழாய் நோட்டை வைத்திருக்கும் பிள்ளையின் பெயரை அனுப்புங்கள்.

மாவட்டக் கல்வி அலுவலர்களிடம் கேட்பது: மதிப்பெண் தாளை மாற்றுங்கள். நூறில் அளவுக்கும் நோட்டுக்கும் நாற்பது, தவறைக் கண்டு மாற்றியதற்கு இருபத்தைந்து, கேள்விக்குப் பதில் சொல்வதற்கு இருபத்தைந்து, மேசை அழகுக்குப் பத்து. நடுவர்களில் ஒருவராவது வகுப்பறைக்கு வெளியிலிருந்து வரட்டும். ஊராட்சிக் குடிநீர்த் தொட்டி இயக்குபவர், பட்டுப்புழு வளர்ப்பவர், பம்பு மெக்கானிக், யாராக இருந்தாலும் சரி. அவர்கள் கேட்கும் கேள்வி நேராக இருக்கும்.

கண்காட்சி முடிந்ததும் எல்லாம் பள்ளி ஸ்டோர் ரூமுக்குப் போய்த் தூசி படிகிறது. குழாய் நோட்டோ தண்ணீர் வரைபடமோ வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அக்டோபர் 2 கிராம சபையில் ஐந்து நிமிடம் ஒதுக்க ஊராட்சித் தலைவர்கள் முன்வர வேண்டும். பிள்ளை எண்களை வாசிக்கட்டும்: எத்தனை குழாய், எத்தனை குடம், வாஷருக்கு எத்தனை ரூபாய். அதைத் தீர்மான நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள், கண்காட்சி நடுவர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.